ஒரே கை பழகிய மெஷின்

அத்தியாயம் பதினொன்று

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு ஜான் பீ தையல் மெஷின் முன்னால் போய் உட்கார்ந்தாள். எட்டரைக்கு மாதையன் தள்ளுவண்டியோடு வாசலுக்கு வந்தான். ஒன்பது அடித்தும் அவள் எழுந்திருக்கவில்லை.

"அம்மா, வண்டி நிக்குதும்மா" என்றான் காசிம்.

"நிக்கட்டும். வண்டிக்குக் கால் வலிக்குதா?"

"பத்து மணிக்கு ஏலம்."

"எனக்குப் பத்து மணிக்கு ரவிக்கை. நஞ்சம்மாளுக்கு இன்னிக்குத் தரேன்னு சொல்லியிருக்கேன். சொன்ன சொல்லைக் காப்பாத்தறது உங்க அத்தாவுக்கு மட்டும்தான் தெரியும்னு நெனச்சுக்காதே."

கடைசி வாக்கியம் உள் அறைக்குப் போக வேண்டியது. போய்ச் சேர்ந்தது. அங்கே சட்டைப் பித்தான் போட்டுக்கொண்டிருந்த அப்துல் ஷுக்கூர் இருமினார்.

மகள் வஹிதா கதவோரம் நின்றாள். மூன்று நாளாக அந்த வீட்டில் அவள் கதவோரங்களில்தான் நின்றாள். நடு அறையில் நிற்பவர்கள் மேல் எல்லாருடைய கோபமும் நேராக விழுந்தது.

கோபத்துக்குக் காரணம் ஒரு நோட்டீஸ்.

தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அப்துல் ஷுக்கூருக்கு ஓர் ஏலக்கடை இருந்தது. மாற்றலாகிப் போகிறவர்கள், பாகம் பிரிக்கிறவர்கள், வீட்டைக் காலி செய்கிறவர்கள் சாமான்களை அங்கே கொண்டுவந்து போடுவார்கள். வாரா வாரம் நோட்டீஸ் அடித்துச் சந்தைகளில் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை ஏலம் விடுவார்கள். வஹிதா பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு வேலைக்கு மனுப் போட்டுக் காத்திருந்தாள். சும்மா இருக்கிறாளே என்று நான்கு மாதத்துக்கு முன் அத்தா நோட்டீஸ் எழுதும் வேலையை அவளிடம் கொடுத்துவிட்டார்.

அவள் எழுதினாள். 'பீரோ. தேக்கு. உயரம் ஆறடி. பின்பலகையில் கறையான் ஓட்டை இரண்டு. கை: ஓய்வு பெற்ற வாத்தியார் ராஜாமணி.'

'கை' என்பது அத்தாவின் வழக்கம். அந்த ஊரில் பழைய சாமானைத் தொடுவதற்கு முன் எல்லாரும் கேட்பது ஒன்றுதான். "எந்த வூட்டுப் பொருளு?" சாவு விழுந்த வீட்டுக் கட்டிலையும் குழந்தை தங்காத வீட்டுத் தொட்டிலையும் யாரும் தெரிந்து வாங்க மாட்டார்கள். அதனால் ஒரு பொருளைப் பயன்படுத்தியவர் பெயரை, ஒருவருக்கு மேல் இருந்தால் வரிசையாக, நோட்டீஸின் கடைசியில் போட்டுவிடுவார். இருபது வருஷமாக ஷுக்கூர் பாய் கடைக்கு இருந்த நல்ல பெயரில் பாதி அந்த ஒரு வரியால் வந்தது.

ஆனால் வஹிதாவின் நோட்டீஸ் போன பிறகு கூட்டம் குறைந்தது.

"இது நோட்டீஸா, லேப் ரெக்கார்டா?" என்றான் காசிம். "படிச்சவன் பீரோவைப் பார்க்க வருவானா, கறையானைப் பார்க்க வருவானா?"

அதனால்தான் போன செவ்வாய்க்கிழமை அவள் பழகிப் பார்த்தாள். நன்றாகத் தெரிந்த ஒரு பொருளைப் பற்றி எழுதினால் வார்த்தை வரும் என்று நினைத்து, எதிரே இருந்த அம்மாவின் மெஷினைப் பார்த்து எழுதினாள்.

'கால் தையல் மெஷின். மிதித்தால் முனகாது. பள்ளிக்கூடச் சட்டை முதல் கல்யாண ரவிக்கை வரை இதில் ஓடியிருக்கின்றன. இதன் முன்னால் உட்கார்ந்தவர் எழுந்திருக்கும்போது எதையாவது முடித்திருப்பார். ஒரே கை பழகியது. கை: ஜான் பீ.'

எழுதி, வெட்கப்பட்டு, நோட்டை மூடினாள். புதன்கிழமை காசிம் நோட்டோடு பிரஸ்ஸுக்குப் போனான். எந்தெந்தப் பக்கம் என்று அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. பிரஸ்காரருக்கு மெஷினைப் பற்றிய பக்கம் மிகவும் பிடித்துப்போய் அதை எல்லாவற்றுக்கும் மேலே பெரிய எழுத்தில் கோத்துவிட்டார். புரூஃப் பார்த்தாயா என்று கேட்டதற்குக் காசிம் "பார்த்தேனே" என்றான். பார்த்திருக்கிறான். படிக்கவில்லை.

வஹிதா அதைப் பார்த்தது வெள்ளிக்கிழமை. அதற்குள் நோட்டீஸ் காரிமங்கலம் சந்தையைத் தாண்டி மொரப்பூர் வரை போய்விட்டது.

"தப்பா அச்சாயிடுச்சுன்னு சொல்லிடலாமே அத்தா" என்றாள்.

அவர் கடைச் சுவரைக் காட்டினார். போன வருஷம் நோட்டீஸில் வந்த ஒரு ரோஸ்வுட் கட்டிலை, தெரிந்தவர் கேட்டார் என்று ஏலத்துக்கு முன்பே கொடுத்துவிட்டார். அரூரிலிருந்து பஸ் சார்ஜ் போட்டு வந்தவர்கள் விடவில்லை. "ஆள் சேக்க ஒரு சரக்கு, விக்க வேற சரக்கா பாய்?" என்று கடை நடுவில் நின்று கத்தினார்கள். மறுநாள் அவரே பெயிண்ட் வாங்கி வந்து சுவரில் எழுதினார்.

நோட்டீஸில் வந்தது மேடை ஏறும்.

கடைக்காரர் வீட்டார் ஏலம் கேட்கக் கூடாது.

நோட்டீஸில் தவறு இருந்தால் சரக்கு இறங்கும். திருத்திய நோட்டீஸோடு அடுத்த வாரம் ஏறும்.

"இதை நான் எழுதினேன். நானே அழிக்கவா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அதை விடு. என் பொஞ்சாதி பேரு ஐநூறு பேப்பர்ல சந்தை சந்தையாச் சுத்துது. கடலை மடிச்சுக் கொடுக்கறான். உனக்கு வேற பொருளே கிடைக்கலியா கண்ணு?"



*

ஒன்பதே காலுக்கு ஜான் பீ கடைசித் தையலை முடித்து நூலைப் பல்லால் கடித்தாள். ரவிக்கையை மடித்து வைத்தாள். பிறகு மெஷினின் திருகைத் தளர்த்தி ஊசியைக் கழற்றினாள். முந்தானை ஓரத்தில் குத்திக்கொண்டாள்.

"அது எதுக்கும்மா?" என்றான் காசிம்.

"மெஷின்னுதான் போட்டிருக்குதாம். ஊசின்னு போட்டிருக்குதா?"

"இல்ல."

"அப்ப ஊசி என்னுது."

அப்துல் ஷுக்கூர் அறையிலிருந்து வெளியே வந்தார். "ஜானு, புதுசு ஒண்ணு வாங்கித் தரேன்னு மூணு நாளா சொல்றேன்."

"புதுசு யாருக்கு வேணும்?"

"பழசுல அப்பிடி என்ன இருக்குது?"

ஜான் பீ அவரை ஏறிட்டுப் பார்த்தாள். அந்தக் கேள்வியை அவர் கேட்டிருக்கக் கூடாது என்பது போல இருந்தது பார்வை. எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

அம்மாவுக்குத் தமிழ் படிக்க வராது. வெள்ளிக்கிழமை வஹிதா நோட்டீஸைப் படித்துக் காட்டப் போனபோது, "என் மெஷினைப் பத்தி எனக்கே படிச்சுக் காட்டறியா? போடி" என்று சொல்லிவிட்டாள். அதனால் நோட்டீஸில் என்ன எழுதியிருக்கிறது என்று தர்மபுரியில் தெரியாத ஒரே ஆள் அவள்தான்.

மாதையனும் காசிமும் மெஷினைத் தூக்கினார்கள். அது இருந்த இடத்தில் தரையில் நான்கு குழிகள் தெரிந்தன. வஹிதா ஓடிப்போய் ஒரு காகிதத்தை அத்தாவிடம் நீட்டினாள்.

"என்ன இது?"

"குறைங்க, அத்தா. மெஷினோட குறை. நேத்து அம்மா சந்தைக்குப் போனப்ப சோதிச்சுப் பார்த்து எழுதினேன். ஏலத்துக்கு முன்னால இதைப் படிங்க."

அவர் படித்தார். பெல்ட் இரண்டு இடத்தில் ஒட்டுப் போட்டது. கெட்டித் துணியில் நூறு தையலுக்கு ஆறு தையல் விட்டுப்போகும். மிதியின் இடது ஓரத்தில் விரிசல். பாபின் மூடி தொலைந்து தீப்பெட்டி அட்டை வைத்திருக்கிறது. பலகையில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு.

"நூறு தையல் எண்ணினியா?"

"மூணு தரம் எண்ணினேன். சராசரி ஆறு."

"பொய் ஒண்ணும் இல்லியே?"

"இல்ல அத்தா."

அவர் காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.  அவர் முகத்தில் மூன்று நாளில் முதல் தடவையாக ஒரு சின்னத் தெளிவு வந்ததை வஹிதா பார்த்தாள். இதைக் கேட்ட பிறகு யாரும் கை தூக்கப் போவதில்லை. யாரும் கேட்காத சரக்கு சொந்தக்காரர் வீட்டுக்கே திரும்பும். சட்டமும் நிற்கும், மெஷினும் நிற்கும்.

*

கடைக்குள் கால் வைக்க இடம் இல்லை.

நான்கு மாதமாக முப்பது பேர் வந்தால் அதிகம். இன்று நூற்றைம்பது பேர் இருப்பார்கள். பாதிக்கு மேல் பெண்கள். எல்லார் கையிலும் அந்த மஞ்சள் நோட்டீஸ்.

"பார்த்தியா" என்றான் காசிம், பெருமையோடு. "எழுத்துன்னா இது."

"அண்ணே, வாயை மூடிட்டுப் போ."

"நல்லா எழுதினேன்னு சொன்னாக் கூடக் கோபமா?"

"புரூஃபைப் படிச்சிருந்தா இந்தப் பேச்சே இல்ல."

"நீ நோட்டுல கண்டதையும் எழுதாம இருந்திருந்தா?"

வஹிதா பெண்கள் பக்கம் போய்த் தூணை ஒட்டி நின்றாள். பக்கத்தில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருத்தி, இடுப்பில் செருகிய நோட்டீஸை எடுப்பதும் செருகுவதுமாக இருந்தாள்.

"நீ இந்தக் கடைப் புள்ளையா கண்ணு?"

"ஆமாங்க."

"நான் தீர்த்தம்மா. மொரப்பூருக்கு அந்தாண்ட எங்க ஊரு. காலைல மொத பஸ்ஸைப் புடிச்சு வரேன். இதை எழுதினது யாருன்னு தெரியுமா?"

வஹிதா தலை குனிந்துகொண்டாள்.

"எம் மவதான் படிச்சுக் காட்டினா. எழுந்திருக்கும்போது எதையாவது முடிச்சிருப்பான்னு போட்டிருக்குது பாரு. எம் மவ இருக்கறாளே, பின்னல் எடுத்தா பாதி, கோலம் போட்டா பாதி, சோத்தைக் கூடப் பாதியில வெச்சுட்டு எழுந்துடுவா. இது ஒண்ணு வூட்ல இருந்தா உருப்படுவா."

"மெஷின் அப்படியெல்லாம் செய்யாதுங்க" என்றாள் வஹிதா.

"போட்டிருக்குதே!"

முதலில் பீரோ போயிற்று. பிறகு இரண்டு நாற்காலி, ஒரு பித்தளை அண்டா, ஒரு ரேடியோ. யாரும் அதிகம் இழுக்கவில்லை. எல்லாரும் காத்திருந்தார்கள். ரேடியோவை எடுத்தவர் அதை மடியில் வைத்துக்கொண்டு போகாமல் உட்கார்ந்திருந்தார்.

மெஷின் மேடை ஏறியது. அப்துல் ஷுக்கூர் மரச்சுத்தியலை மேசைமேல் வைத்துவிட்டுக் காகிதத்தை எடுத்தார்.

"நோட்டீஸைப் படிக்கறதுக்கு முன்னால ஒரு விஷயம். இதுல இருக்கிற குறை எல்லாத்தையும் சொல்லிடறேன். அப்புறம் பாய் சொல்லலைன்னு வரக்கூடாது."

நிதானமாகப் படித்தார். ஒட்டுப் போட்ட பெல்ட். விட்டுப்போகும் ஆறு தையல். விரிசல். தீப்பெட்டி அட்டை. தழும்பு. கடைசியாக அவரே ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்: "ஊசியும் இல்ல."

யாரும் கை தூக்கவில்லை. வஹிதா மூச்சை விட்டாள்.

காரிமங்கலம் தையல்காரர் பச்சியப்பன் முன்வரிசையில் இருந்து பக்கத்து ஆளிடம் திரும்பினார். ரகசியமாகப் பேசத் தெரியாத மனிதர்.

"பார்த்தீங்களா? நூறு தையலுக்கு ஆறுன்னு எண்ணிச் சொல்றாங்க. தீப்பெட்டி அட்டையைக் கூட மறைக்கல. இவ்வளவு சொல்றவங்க வேற எதை மறைக்கப் போறாங்க? மிச்சமெல்லாம் சுத்தமாத்தான் இருக்கும்."

"அதானே!" என்றது பின்வரிசை.

"பெல்ட்டு என்னங்க பெல்ட்டு, மாத்திக்கலாம்."

"ஊசி ஒரு பெரிய விஷயமா?"

வஹிதா கண்களை மூடிக்கொண்டாள். ஆசையைத் தூண்ட எழுதியது கூட்டத்தைக் கொண்டுவந்தது. ஆசையைக் கெடுக்க எழுதியது கூட்டத்தை உறுதிப்படுத்தியது. எதிரெதிரான இரண்டு சோதனைகள், ஒரே விளைவு. இந்த மனிதர்களை எந்தப் பாடப் புத்தகத்தில் சேர்ப்பது?

"இருநூறு" என்றார் பச்சியப்பன்.

"இருநூத்தம்பது" என்றாள் தீர்த்தம்மாள்.

"முந்நூறு."

"நானூறு" என்றது பின்வரிசை.

அப்போதுதான் வஹிதா வாசல் பக்கம் பார்த்தாள். வெள்ளைத் துப்பட்டி போர்த்திய ஓர் உருவம் பெண்களை விலக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தது. இருபது வருஷத்தில் ஒரு நாளும் கடைப் பக்கம் வராத ஜான் பீ.

"அம்மா! நீங்க எங்க இங்க?"

"ரவிக்கை கொடுக்கப் போனேன். அப்படியே வந்தேன். ஏன், மெஷின் போகலாம், நான் வரக்கூடாதா?"

"நம்ம வூட்டாளுங்க கேக்கக் கூடாதும்மா. சுவர்ல…"

"தெரியும். கேக்க வரல. பார்க்க வந்தேன்."

ஏலம் ஐந்நூற்றைம்பதில் பச்சியப்பனிடம் நின்றது. தீர்த்தம்மாள் நோட்டீஸை ஒரு முறை பார்த்துக்கொண்டாள். "அறுநூறு!" என்றாள், யாரையோ திட்டுவது போல. பச்சியப்பன் தலையை ஆட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

இனி நோட்டீஸைப் படிக்க வேண்டும். கடைசியாக ஒரு முறை முழுசாகப் படித்துவிட்டு மூன்று தரம் சொல்வது கடை வழக்கம். அப்துல் ஷுக்கூர் மனைவியைப் பார்த்தார். பார்வையைத் தாழ்த்திக்கொண்டு படித்தார். மிதித்தால் முனகாது. பள்ளிக்கூடச் சட்டை. கல்யாண ரவிக்கை. எழுந்திருக்கும்போது எதையாவது முடித்திருப்பார். அந்த வரியில் தீர்த்தம்மாள் சுற்றி இருந்தவர்களைப் பார்த்து, கேட்டீர்களா என்பது போலத் தலையாட்டினாள்.

"ஒரே கை பழகியது" என்று படித்தார். பெயரை மட்டும் வேகமாகச் சொல்லிக் கடந்தார். "ஒரு தரம்."

ஜான் பீ மகளின் கையைப் பிடித்தாள். "என்ன சொன்னாரு?"

"எதும்மா?"

"கடைசில. ஒரே கையா?"

"ஆமாம்மா. நீங்க மட்டும்தானே…"

"அப்பிடின்னு உனக்கு யாரு சொன்னா?"

"ரெண்டு தரம்" என்றார் அப்துல் ஷுக்கூர். சுத்தியல் மேலே போயிற்று.

"நிறுத்துங்க."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் பெண்கள் பக்கத்திலிருந்து வந்ததால் எல்லாரும் திரும்பினார்கள்.

"நோட்டீஸ்ல தப்பு இருக்குதுங்க" என்றாள் ஜான் பீ.

சுத்தியல் அப்படியே நின்றது. அப்துல் ஷுக்கூரின் முகம் சிவந்தது. "வூட்டாளுங்க…"

"வூட்டாளுங்க ஏலம் கேக்கக் கூடாது. தப்பைச் சொல்லக் கூடாதுன்னு சுவர்ல இருக்குதா? யாராச்சும் படிச்சுச் சொல்லுங்க."

யாரோ படித்தார்கள். இல்லை.

"ஒரே கைன்னு போட்டிருக்கீங்க. ஒரே கை இல்ல. எனக்கு முன்னால ஒரு கை இருந்துச்சு. மொதக் கை அதுதான்."

 வஹிதா அத்தாவைப் பார்த்தாள். அவர் முகத்தில் இருந்த சிவப்பு போய்விட்டது. கோபம் இருந்திருந்தால் அவளுக்குப் பழக்கம். இது வேறு ஏதோ.

"அதை இங்க சொல்லணுமா?" என்றார், மெதுவாக.

"இங்க வேண்டாம். நோட்டீஸ்ல எழுதுங்க. அதுதானே உங்க வழக்கம்?"

அவர் நெடுநேரம் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுத்தியலை மேசையில் வைத்தார். அடிக்கவில்லை, வைத்தார்.

"சரக்கு இறங்குது" என்றார். "திருத்தின நோட்டீஸோட அடுத்த ஞாயித்துக்கிழமை ஏறும்."

"இதென்ன அநியாயம்!" தீர்த்தம்மாள் முந்தானையை உதறினாள். "ரெண்டு கையோ நாலு கையோ, எனக்கு என்ன வந்துச்சு? அறுநூறு ரூபாய்க்கு நான் சரின்னுட்டேன்."

"சட்டம் அம்மா. சுவர்ல இருக்குது."

"சுவரா வந்து தைக்கப் போவுது?" என்றாள். போகிற போக்கில் வஹிதாவிடம் நின்றாள். "அடுத்த வாரமும் வரேன். வாங்காம போகமாட்டேன், சொல்லிவை உங்க அப்பாருகிட்ட. அந்த மொதக் கை யாருன்னும் கேட்டு வை. எனக்கும் தெரியணும்ல?"

*

சாயங்காலம் ஐந்து மணிக்கு மெஷின் பழைய இடத்தில், தரையில் இருந்த அதே நான்கு குழிகளில் உட்கார்ந்துவிட்டது. வீட்டில் இருந்த நான்கு பேரும் அதைச் சுற்றி நான்கு மூலையில் இருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

வஹிதா நோட்டையும் பென்சிலையும் எடுத்துவந்தாள்.

"எழுதணும்" என்றாள். "காலைல பிரஸ்ஸுக்குப் போகணும். இந்தத் தடவை நானே போறேன். கை யாருன்னு போடறது?"

"உங்க அத்தாவைக் கேளு" என்றாள் ஜான் பீ.

"அந்தப் பேரு என் நோட்டீஸ்ல ஏறாது" என்றார் அப்துல் ஷுக்கூர்.

"ஏறலைன்னா பொய் நோட்டீஸ்."

"ஜானு, இந்த வூட்ல அந்தப் பேரைச் சொல்லக் கூடாதுன்னு பத்தொம்பது வருஷத்துக்கு முன்னாலயே சொல்லிட்டேன்."

"சொல்லக் கூடாதுன்னு சொன்னீங்க. நானும் ஒரு நாள் சொல்லல. எழுதக் கூடாதுன்னு சொல்லலியே."

காலையில் 'ஊசி என்னுது' என்று சொன்ன அதே குரல். அப்துல் ஷுக்கூர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "யா அல்லா, இந்தப் பொம்பளைகிட்ட…" என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டார்.

"யாருதான் அது?" என்றாள் வஹிதா. மூன்று நாளாகத் திட்டு வாங்கியவள் அவள். கேட்க உரிமை உண்டு என்று தோன்றியது. "என்னைத் தவிர எல்லாருக்கும் தெரியுமா?"

 வியப்பாக, பேசியது காசிம்.

"பச்சைக் கண்ணாடி வளையல்" என்றான். "எனக்கு அஞ்சு வயசு இருக்கும். மெஷினைச் சுத்தும்போது அந்த வளையல் சத்தம் போடும். தைச்சு முடிச்சதும் கடலை உருண்டை கொடுப்பாங்க. நான் அதைக் கனவுன்னு நெனச்சுட்டிருந்தேன்."

அப்துல் ஷுக்கூர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எனக்கு அப்பல்லாம் தைக்கத் தெரியாது" என்றாள் ஜான் பீ, மகளைப் பார்த்து. "கல்யாணமாகி இந்த வூட்டுக்கு வந்தப்ப மிதிக்கக் கூடத் தெரியாது. சக்கரம் பின்பக்கமாச் சுத்தும், நூல் அறுந்துபோகும். பக்கத்துல உட்கார்ந்து என் கால்மேல அவ காலை வெச்சு மிதிக்கச் சொல்லிக்கொடுத்தா. உங்க அத்தாவோட தங்கச்சி. அவர்கிட்ட கோச்சுக்கிட்டு வூட்டை விட்டுப் போற அன்னிக்கு ராத்திரி, 'அண்ணி, எண்ணெய் மட்டும் விட்டுட்டிரு, வந்து வாங்கிக்கறேன்'னா. நான் விட்டுட்டிருக்கேன். புதுசு வாங்கித் தரேன்னு சொல்றாரே, புதுசை எப்படித் திருப்பிக் கொடுக்கறது?"

வஹிதாவின் பென்சில் நோட்டின்மேல் நின்றது. அம்மா வெள்ளிக்கிழமையிலிருந்து கத்தியது தன் மெஷினுக்காக என்று அவள் நினைத்திருந்தாள். வீட்டில் எல்லாரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள்.

"இப்ப எங்க இருக்காங்க?"

"தெரிஞ்சா நானே தூக்கிட்டுப் போய்க் கொடுத்திருக்க மாட்டேனா?" ஜான் பீயின் குரலில் பழைய சூடு வந்தது. "எந்த ஊர்ல எந்தச் சந்தைக்குப் போறாளோ. இந்தப் பேப்பர் போகாத சந்தை இருக்குதா? பேரு தெரியாத மொரப்பூர்க்காரியே இதைப் பார்த்துட்டு ஓடிவரா. பேரு இருக்கிறவ பார்த்தா வரமாட்டாளா?"

அப்போதுதான் வஹிதாவுக்குப் புரிந்தது. அம்மா கடையில் மெஷினை மட்டும் நிறுத்தவில்லை; அந்தப் பெயரைச் சந்தை சந்தையாக அனுப்பவும் வழி பண்ணியிருக்கிறாள்.

"அவங்களுக்கு முன்னாடி அந்தத் தீர்த்தம்மா வந்துட்டா?" என்றான் காசிம். "அறுநூறு ரூபாயோட நிக்கும் அந்தம்மா. ஏறின சரக்கை மறுபடி இறக்க முடியாது."

"அதுக்குத்தான் உன் தங்கச்சி நல்லா எழுதணும்" என்றாள் ஜான் பீ. "வஹிதா, எழுது. எழுதினதைப் படி."

வஹிதா எழுதினாள். கூட்டம் வர வேண்டும் என்று எழுதவில்லை. முகம் தெரியாத ஒருத்தி, எங்கோ ஒரு சந்தையில் கடலை மடித்த காகிதத்தைப் பிரித்து நிமிர வேண்டும் என்று எழுதினாள். மெதுவாகப் படித்தாள்.

"கால் தையல் மெஷின். மிதித்தால் முனகாது. பத்தொன்பது வருஷமாக எண்ணெய் விட்டு வைத்திருக்கிறது. முதல் கை…"

நிறுத்தினாள். அவளுக்குப் பெயர் தெரியாது.

ஜான் பீ வாயைத் திறக்கவில்லை. அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது என்று சொன்னவர் அறையில் இருந்தார். அவரே சொல்லட்டும் என்று அவள் உட்கார்ந்திருந்தாள். காசிம் தரையைப் பார்த்தான். 

"ஹமீதுன்னிசா" என்றார் அப்துல் ஷுக்கூர், சுவரைப் பார்த்துக்கொண்டு.

வஹிதா எழுதினாள். முதல் கை: ஹமீதுன்னிசா. இரண்டாம் கை: ஜான் பீ.

ஜான் பீ முந்தானையிலிருந்து ஊசியை எடுத்தாள். மெஷினில் மாட்டித் திருகை இறுக்கினாள். 

அந்தி மஃரிப் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. அப்துல் ஷுக்கூர் தொப்பியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினார். அது எப்போதும் இருக்கும் இடத்தில்தான் இருந்தது. இருந்தாலும் தேடினார்.

"அத்தா" என்றாள் வஹிதா. "பிரஸ்ல எத்தனைன்னு கேப்பாங்க."

"இதென்ன கேள்வி, ஐநூறுதான்" என்றான் காசிம். "என்னிக்காவது ஐநூத்துக்கு மேல ஒரு பேப்பர் அடிக்க விட்டிருக்காரா?"

அவர் செருப்பைப் போட்டுக்கொண்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

"ரெண்டாயிரம்னு சொல்லு" என்றார். "மொரப்பூர் ஸ்டேஷன்லயும் ஒரு ஆளை நிறுத்து காசிமு. ரயில்ல போறவங்க கையில கொடுக்கச் சொல்லு."